தானே எழுந்த கை

விடைத்தாள்களைத் திருத்தியவாறே, சாய்மனைக் கதிரையின் சட்டத்தின்மேல் வலது கையைத் தொங்கவிட்டு ஓர் இரவு உறங்கிப்போனோம். விடிந்து எழுந்தபோது மணிக்கட்டு முறிந்த கிளைபோலத் தொங்கிற்று. விரல்களை மடக்க முடிந்தது, நிமிர்த்த முடியவில்லை. வெண்கட்டி பிடித்துப் பிழைக்கும் ஒருவனுக்கு இதைவிடப் பெரிய அச்சம் வேறென்ன? அன்று முழுவதும் வீட்டாரிடம் சொல்லாமல் கையைச் சட்டைப் பைக்குள் மறைத்து வைத்திருந்தோம். வெட்கம் என்பதும் ஒரு நோய்தான் போலும்.

மேற்கை எலும்பைச் சுற்றிக்கொண்டு இறங்கும் நரம்பொன்று சட்டத்துக்கும் எலும்புக்கும் இடையே நசுங்கிவிட்டது என்றார் வைத்தியர். நகரிலுள்ள தனியார் சிகிச்சை நிலையமொன்று, இருபது நாள் மின்சாரம் பாய்ச்சினால்தான் கை மீளும் என்று கூறி, எமது மாதச் சம்பளத்தில் பெரும்பகுதியை முற்பணமாகக் கேட்டது. கொடுக்க இயலாமையால் அரசாங்க ஆஸ்பத்திரியை நாடினோம். இயலாமையும் சிலவேளை நன்மை செய்கிறது.

அங்கே இயன்மருத்துவப் பகுதியில் ஒரு சிங்கள இளம்பெண் எமது முன்னங்கையில் ஈரத்துணி சுற்றிய இரண்டு மின்வாய்களை வைத்துப் பொறியின் குமிழை மெல்லத் திருகினாள். எறும்பு ஊர்வதுபோல் இருந்தது. பின்னர் ஊசி குத்துவதுபோல் இருந்தது. திடீரென்று எமது கை தானே எழுந்தது! நாம் எழுப்பவில்லை. எமது உடம்பிலிருந்தும் அந்தக் கணம் அது எம்முடையதாக இல்லை. இரண்டு வாரமாகச் செத்துக் கிடந்த கை எழுந்ததைக் கண்டு கண் கலங்கியதை மறைக்க விரும்பவில்லை.

"இது மருந்து இல்ல சேர், சோதனை," என்றாள் அவள் தன் கொச்சைத் தமிழில்.

அதன் பொருளைப் பின்னர் படித்தறிந்தோம். நரம்பு அறுந்தோ உள்ளே சிதைந்தோ போயிருந்தால், பத்து நாள் அளவில் அதன் கீழ்ப்பகுதி மடிந்துவிடும். ஒரு வினாடியின் ஆயிரத்தில் ஒரு கூறே நீடிக்கும் குறுந்துடிப்புக்குத் தசை அசையாது. எமது தசை அசைந்தது. ஆகவே நரம்பு சாகவில்லை. நசுங்கிய இடத்தில் வழி அடைபட்டிருந்தது, அவ்வளவே. வாரக்கணக்கில் அது தானே திறக்கும். மின்சாரம் எமக்கு வைத்தியனாக அன்று, சாட்சியாகவே வந்தது. அந்தச் சாட்சியத்தை இருபது நாள் சிகிச்சையாக விற்க முனைந்தவர்களை எண்ணிச் சிரித்தோம். சிரிப்பில் கசப்பும் இருந்தது.

தவளையின் கால் துடித்ததை வைத்துப் பொலோஞா நகரத்துக் கல்வானி 1791இல் எழுதிய நூலிலிருந்து இக்கதை தொடங்குகிறது. பிரான்சின் கடலோடிக் குடும்பத்தில் பிறந்த டூசென், பதவி எதுவுமின்றிப் பாரிஸ் ஆஸ்பத்திரிகளுக்குத் தம் பொறியைத் தூக்கிக்கொண்டு அலைந்தவர். தோலைக் கீறாமல், ஈரமான மின்வாய்களால் தனித்தனித் தசைகளை இயக்கலாம் என்று 1855இல் நூல் எழுதினார். 1862இல் அவர் வெளியிட்ட முகபாவப் படங்களில் அடிக்கடி காணப்படுபவர், முகத்தில் உணர்ச்சி குன்றிய பல்லிழந்த ஒரு முதியவர். வலி தெரியாத ஏழையின் முகம் விஞ்ஞானத்துக்கு வசதியாயிருந்தது. அந்தப் படங்களை நோக்கும்போதெல்லாம் எமக்கு மருத்துவரைவிட முதியவரே நினைவில் நிற்கிறார்.

சோவியத் நாட்டின் யாக்கோவ் கொட்ஸ் 1970களில் விளையாட்டு வீரர்களின் தசைகளுக்குப் பத்து வினாடி மின்சாரம், ஐம்பது வினாடி ஓய்வு என்று முறை வகுத்து, 40 விழுக்காடு வரை வலிமை பெருகியதாகக் கூறினார். பிறநாட்டு ஆய்வாளர்கள் அவ்வளவு பெரிய பேற்றைக் காணவில்லை. தோழர்கள் சிலருக்கு இதைச் சொன்னால் முகம் சுளிக்கும். ஆயினும் உண்மை உண்மைதான். அந்த நீண்ட ஓய்வுக்கு மட்டும் தக்க காரணம் உண்டு. நாமே தசையை இயக்கும்போது மூளை நார்களை முறைவைத்து வேலைக்கு அழைக்கிறது. மின்சாரமோ அதே நார்களை ஒருங்கே அடித்து எழுப்புகிறது. அவை விரைவில் களைத்துவிடுகின்றன. முறையும் ஓய்வும் இன்றி வேலை வாங்கினால் எந்தத் தொழிலாளிதான் களைக்கமாட்டான்?

எமக்கு அடுத்த கதிரையில் ஒரு தோட்டத்து அம்மா இருந்தார். பாரிசவாதம் கண்டு வலது கை மடங்கிக் கிடந்தது. முப்பது ஆண்டு கொழுந்து பறித்த விரல்கள். அவருக்கு நரம்பும் தசையும் பழுதில்லை. மூளையிலிருந்து கட்டளை வரும் வழியே அறுந்திருந்தது. ஆகவே அவருக்கு மின்சாரம் சாட்சியன்று, துணை. "தூக்குங்க அம்மா, நீங்களும் தூக்குங்க," என்று ஒவ்வொரு துடிப்போடும் அந்த இளம்பெண் கெஞ்சுவாள். சும்மா படுத்திருந்து துடிப்பை வாங்கினால் பயன் சிறிது. தாமும் முயன்று, ஒரு கோப்பையை எடுப்பது போன்ற வேலையோடு அதைச் சேர்த்தால் கை மீள வாய்ப்பு மிகுதி. அதுவும் வாரத்துக்குப் பல நாள், மாதக்கணக்காக. மூன்றாம் முறை வந்தபோது அவர் விரல்கள் நிமிர்ந்து ஒரு துணியுருண்டையை விட்டன. மகள் கைகொட்டிச் சிரித்தாள்.

நான்காம் முறை அவர்கள் வரவில்லை. ஐந்தாம் முறையும் வரவில்லை.

எமது கை ஏழாம் வாரத்தில் மீண்டது. விடுமுறையில் இருந்த நாட்களுக்கும் சம்பளம் வந்து சேர்ந்தது. பின்னொரு நாள் பஸ் நிலையத்தில் அந்த மகளைச் சந்தித்தோம். அம்மா எப்படி என்றோம்.

"லயத்துலதான் இருக்காங்க மாஸ்டர். ஆஸ்பத்திரியில காசு கேக்கல, உண்மதான். ஆனா அவங்கள கூட்டிட்டு வந்தா எனக்கு அன்னிக்குப் பேர் இல்ல. பஸ் காசு வேற. வாரத்துக்கு மூணு நாள் வரச் சொல்றாங்க. மூணு பேர் போனா அடுப்பு எரியுமா?"

வீட்டிலே கோப்பையை எடுக்கப் பழக்குகிறீர்களா என்று கேட்டோம். இரவில் கொஞ்சம் என்றாள். அவளது பஸ் வந்துவிட்டது. கொழுந்துக் கறை படிந்த விரல்களால் கம்பியைப் பிடித்து ஏறியவள், திரும்பி எமது வலது கையைப் பார்த்து, "ஒங்களுக்கு நல்லாயிருச்சா மாஸ்டர்?" என்று கேட்டாள்.