பதிப்பெண்ணும் சம்பளமும்

நாம் கிள்ளானுக்கடுத்த ஒரு செம்பனைத் தோட்டத்தில் கிராணி உத்தியோகம் பார்த்து வருகிறோம். பெரட்டில் பெயர் எடுப்பதும் செக்ரோல் போடுவதுமே நம் தொழில் என்று வாசகர்கள் எண்ணியிருப்பர். இப்போது தோட்டத்துக் கணினிகளின் ஜாபிதாவும் நம் தலையில் விழுந்திருக்கிறது. அதில் நாம் செய்த பிழையை ஒளியாது கூறுகிறோம்.

2025 அக்டோபர் 14-ந் தேதியோடு விண்டோஸ் 10-க்கு வழக்கமான இலவசப் பாதுகாப்புத் திருத்தங்கள் நின்றுவிடும் என்று மைக்ரோசாப்ட் கம்பெனியார் முன்னரே அறிவித்திருந்தனர். திருத்தம் பெறாத யந்திரத்தின் கதியை 2017 மே மாதத்திலேயே உலகம் கண்டது. மார்ச்சில் வெளியான திருத்தத்தை ஏற்காத கணினிகளில் 'வான்னாகிரை' என்னும் நச்சு நிரல் புகுந்து, இங்கிலாந்து ஆஸ்பத்திரிகளில் ஆயிரக்கணக்கான முன்பதிவுகளை ரத்தாக்கிற்று. ஆகவே, பழைய யந்திரங்கள் எவையென்று தலைமைக் காரியாலயத்தார் செப்டம்பரில் கேட்டது நியாயமே.

நான்கு டிவிஷன்களிலிருந்தும் பட்டியல் வந்தது. ஒருவர் 'விண்டோஸ் 10' என்று எழுதினார். ஒருவர் '22எச்2' என்றார். இன்னொருவர் யந்திரம் காட்டியபடியே '10.0.22621' என்று எழுதினார். ஆங்கிலப் பள்ளியில் தசமக் கணக்குப் படித்த கர்வம் நமக்கு. 10.0 என்று தொடங்குவதெல்லாம் 10, 22எச்2 என்பதெல்லாம் 11 என்று ஒரே மூச்சில் திருத்தி, வந்த எழுத்தையும் அழித்துவிட்டோம். பார்வைக்குப் பட்டியல் வெகு அழகு!

இரண்டும் பிழை. விண்டோஸ் 11-ம் தன் உள்ளெண்ணை 10.0 என்றே தொடங்கும். மேசைக் கணினியில் கடைசித் துண்டு 22000 அல்லது அதற்கு மேலாயின் அது 11. 22எச்2 என்பதோ 2022-ன் பிற்பாதியைக் காட்டும் காலக்குறி. அப்பெயரில் விண்டோஸ் 10-ம் உண்டு, எண் 19045. விண்டோஸ் 11-ம் உண்டு, எண் 22621. பதிப்பெண் தசமமும் அன்று. 1.10 என்பது 1.9-க்குப் பின் வந்த பதிப்பு. கணக்குத்தாள் நிரலோ, நம்மைப் போலவே, அதை 1.1 ஆக்கி முன்னே தள்ளிவிடும். பெயரில் ஓரெழுத்து மாறியதால் சேமநிதிக்கு அலைந்த கிழவிகளைக் கண்ட நமக்கே இது தோன்றாமற் போயிற்று.

அக்டோபர் முதல் வாரத்தில் லாரி வந்து 'பழைய' யந்திரங்களை ஏற்றிச் சென்றது. சம்பளக் கணக்கு இருந்த யந்திரமும் அவற்றுள் ஒன்று. அதுவே அந்த 10.0.22621. 1955-ம் ஆண்டு வேலைச் சட்டப்படி மாதம் முடிந்து 7 நாட்களுக்குள் சம்பளம் கொடுத்தாக வேண்டும். கணக்கின் நகலை வேறு யந்திரத்தில் ஏற்றிச் சம்பளம் போட 10-ந் தேதி ஆகிவிட்டது. ஜனங்கள் ஆபீஸ் வாசலில் வந்து நின்றார்கள். அரிசிக் கடைக்காரனுக்கு அவர்கள் என்ன பதில் சொல்வார்கள்? பழியோ, லாரியில் யந்திரத்தை ஏற்றிய பையன்மேல் விழுந்தது. அரைநாள் நாமும் வாய் திறக்கவில்லை.

அன்று மாலை எடைமேடையில் வேலை பார்க்கும் பெண் வந்து, "கிராணி ஐயா, எங்க பெட்டிதானே ரொம்பப் பழசு? அதை மட்டும் ஏன் விட்டுட்டாங்க?" என்றாள். போய்ப் பார்த்தோம். 19045 என்று நின்றது. அதன்பிறகே மானேஜரிடம் சென்று உண்மையைச் சொன்னோம்.

இப்போது ஜாபிதாவில் இரண்டு பத்திகள் இருக்கின்றன. யந்திரம் காட்டியது ஒன்று, நாம் பொருள் கொண்டது மற்றொன்று. முதற்பத்தியில் யாரும் கை வைப்பதில்லை. எடைமேடைக்குப் புது யந்திரமும் வந்துவிட்டது. அந்தப் பையன் மட்டும் இன்னும் நம்மோடு பேசுவதில்லை.