பம்பைக் கழற்றுமுன்

பஞ்சாபின் சங்ரூர் மாவட்டத்தில் நெல் அறுத்த வயலில் கோதுமை விதைக்கக் கிடைக்கும் நாட்கள் சொற்பம். நிலத்தடி நீரைக் காக்க 2009இல் வந்த சட்டம் நெல் நடவை ஜூன் மாதத்துக்குத் தள்ளியது. அறுவடையும் அதற்கேற்பப் பின்வாங்கியது. நவம்பர் நடுப்பகுதிக்குள் விதை மண்ணில் விழாவிட்டால், மார்ச் வெயிலில் மணிகள் முற்றாமலே சுருங்கும். வைக்கோல் புகையைப் பற்றித் தில்லியில் எழுதப்படும் பல கட்டுரைகளில் இந்த அவசரம் ஓர் அடிக்குறிப்பாகவே நின்றுவிடுகிறது.

அப்படியொரு நவம்பரில், பாதி விதைத்த வயலின் நடுவே ஒரு டிராக்டர் நின்றுபோனது. ஓட்டியவன் பீகாரிலிருந்து வந்த இளைஞன். இயந்திரத்தின் ஒலி ஏறியும் இறங்கியும் தடுமாறி அடங்கியது என்றான். செல்ஃப் அடித்தால் இயந்திரம் சுற்றியது, பற்றவில்லை.

டீசல் இயந்திரத்தில் தீப்பொறி கிடையாது. நெருக்கிச் சூடேற்றிய காற்றில் எண்ணெயை நுண்துளிகளாகப் பீய்ச்சினால் அது தானே எரியும். ஆகவே ஓடிக்கொண்டிருந்த வண்டி இவ்வாறு நின்றால் முதலில் எண்ணெய் வரும் வழியைத்தான் தேடவேண்டும்: டேங்க், ஃபீட் பம்ப், இரண்டு ஃபில்டர்கள், எஃப்.ஐ. பம்ப், நாசில். வழியில் காற்று புகுந்தாலும் போதும். பம்ப் அந்தக் காற்றையே நெருக்கிக்கொண்டிருக்கும், நாசில் திறக்காது. இளைஞனுக்கு இது தெரியும். ஃபில்டர் தலையின் திருகைத் தளர்த்தி, ஃபீட் பம்பின் கைநெம்புகோலை அழுத்தினான். முதலில் நுரை வந்தது, பிறகு தெளிந்த டீசல். திருகை இறுக்கினான். வண்டி கிளம்பியது, சற்று நேரத்தில் மீண்டும் நின்றது.

ஃபில்டர்கள் மாற்றப்பட்டன. அந்த இடைவெளியில் ஒரு கேன் டீசலும் ஊற்றினார்கள். வண்டி ஓடியதால் குற்றம் ஃபில்டருடையது என்று எல்லாரும் நம்பினார்கள், அடுத்த முறை நிற்கும்வரை. நகரத்துப் பட்டறை ஒன்று, எஃப்.ஐ. பம்பைக் கழற்றி அனுப்பவேண்டும், மூன்று நாளாகும் என்றது. உரிமையாளர் வேறொன்றை நினைத்தார். டீசலைத் திருடி விற்றுவிட்டு மண்ணெண்ணெய் கலந்திருப்பானோ? வாய்விட்டுச் சொல்லவில்லை. ஆனால் அன்று மாலை கேன்களை எண்ணினார். இளைஞன் அதைப் பார்த்துக்கொண்டிருந்தான். பருவம் முடிந்து கூலியைக் கணக்குப் பார்க்கும்போது இந்த எண்ணிக்கையும் கூடவே வரும் என்பது அவனுக்குத் தெரியாததல்ல.

மறுநாள் பக்கத்து ஊரிலிருந்து ஒரு முதிய மிஸ்திரி வந்தார். ஸ்பேனர் பையை அவிழ்க்கவில்லை. செல்ஃப் அடிக்கச் சொல்லிப் புகைக்குழாயைப் பார்த்தார். வெண்புகை வந்திருந்தால் டீசல் உள்ளே போகிறது, எரியவில்லை என்று பொருள். புகையே இல்லை.

“எவ்வளவு நேரம் ஓடுது பேட்டா?”

“ஒவ்வொரு நாள் ஒவ்வொரு மாதிரி, உஸ்தாத்.”

“டேங்க் நிறைஞ்சிருந்தா?”

இளைஞன் யோசித்தான். நிறைந்திருந்தால் கால் மணிக்குள் நிற்கிறது. பாதி இருந்தால் ஒரு மணி நேரம்கூட ஓடுகிறது. கொஞ்ச நேரம் சும்மா விட்டால் மறுபடி கிளம்புகிறது. சொல்லும்போதே அது அவனுக்கு விசித்திரமாகப் பட்டது. டேங்கின் அடியில் அழுக்கு இருந்தால் எண்ணெய் குறையக் குறைய அல்லவா தொல்லை வரவேண்டும்?

மிஸ்திரி டேங்க் மூடியருகே போனார். அறுவடைத் தூசி இறங்காதிருக்க, அதன்மேல் பாலிதீன் தாளைப் போர்த்தி, பழைய டியூப் துண்டால் இறுக்கிக் கட்டியிருந்தது. மூடியைத் திருகியதும் ‘உஸ்ஸ்’ என்று காற்று உள்ளே பாய்ந்தது.

டீசல் இறங்கும் அளவுக்கு டேங்கினுள் காற்று வந்தாகவேண்டும். மூடியிலுள்ள சிறு துளை அதற்குத்தான். அது அடைபட்டால் உள்ளே அழுத்தம் குறைந்து, ஃபீட் பம்பால் எண்ணெயை இழுக்க முடியாமல் போகும். நிறைந்த டேங்கில் மேலே இருக்கும் காற்று கொஞ்சம். சிறிது டீசல் இறங்கினாலே அழுத்தம் சட்டெனச் சரியும். பாதி டேங்கில் காற்று மிகுதி. சரிவு மெல்ல வரும். வண்டி சும்மா நிற்கும்போது எங்கோ ஓர் இடுக்கு வழியாகக் காற்று கசிந்து நிலைமை சீராகும். ஃபில்டர் மாற்றிய அன்று டீசல் ஊற்றுவதற்காக மூடியைத் திறந்தார்களே, வண்டி ஓடியது அதனால்தான்.

பாலிதீனைக் கட்டியவன் அந்த இளைஞனே. வண்டியைத் தூசியிலிருந்து காப்பாற்றுவதாக எண்ணியிருந்தான். மிஸ்திரி அவன் முகத்தைப் பார்த்தார். தாளை மடித்துக் குர்த்தாப் பையில் செருகினார். டியூப் துண்டை வரப்புக்கு அப்பால் எறிந்தார். பிறகு மெல்லிய கம்பியால் மூடித் துளையைக் குடைந்தார். உமியும் சேறும் கொஞ்சம் வந்தன.

உரிமையாளர் மோட்டார் சைக்கிளில் வந்து சேர்ந்தபோது வண்டி ஓடிக்கொண்டிருந்தது.

“என்ன கோளாறு?”

“மூடித் துளையில சேறு. டீசல் சுத்தமா இருக்கு.”

இரண்டாவது வாக்கியத்தை அவர் கேட்கவே இல்லை. மிஸ்திரி தாமாகச் சொன்னார். எந்தப் பாகமும் மாற்றாத வேலைக்கு எவ்வளவு கொடுப்பது என்று உரிமையாளர் சிறிது தடுமாறினார். இளைஞன் அவர்கள் பக்கம் திரும்பவில்லை. விதைப்புக் கருவியை இறக்கி, முந்தின நாள் நின்ற சாலிலிருந்து தொடர்ந்தான்.