கொல்லைக் கதவு

எங்கள் வீட்டிலிருந்து கொல்லைக்குச் செல்லும் வாயில் மிகக் குறுகியது. இரண்டடி அகலமுள்ள மரக்கதவு. அதன் கீழே 4 அங்குல உயரத்தில் ஒரு படி. நாள்தோறும் அதைத் தாண்டிச் சென்ற எங்களுக்கு அது ஒரு தடையாகத் தோன்றியதே இல்லை. இடுப்பெலும்பு முறிந்து அம்மா சக்கர நாற்காலியில் அமர்ந்த பிறகே அதன் உயரம் எங்களுக்குத் தெரிந்தது. நாற்பது ஆண்டுகள் துளசிக்கும் முருங்கைக்கும் நீர் வார்த்தவர், அவற்றைச் சன்னல் வழியே பார்த்துக்கொண்டிருந்தார். வெளியே செல்ல இருவர் தூக்கவேண்டும். "கொல்லைக்குப் போகலாமா அம்மா?" என்று கேட்டால், "வேண்டாம்" என்பார்.

படியை நீக்கி, நகரும் கண்ணாடிக் கதவு அமைக்க முடிவு செய்தோம். ஆறடி அகலம் போதும் என்று நான் எண்ணியிருந்தேன். அளவெடுக்க வந்த முதிய கைவினைஞர், "தம்பி, ஒரு கதவு மற்றொன்றின் பின்னே ஒதுங்கும். ஆறடி வைத்தால் வழி மூன்றடிக்கும் குறைவுதான். நாற்காலியை அளந்தீர்களா?" என்றார். நாற்காலியின் அகலம் 26 அங்குலம். சக்கரத்தை உருட்டும் கைகளுக்கும் இடம் வேண்டும் என்று அவர் ஏழடியாக்கினார். கூரையைத் தாங்கும் சுவர் ஆதலால், கொத்தனார் முட்டுக் கொடுத்துச் சுவரை உடைத்து, மேலே கான்கிரீட் லிண்டல் அமைத்துப் பத்து நாள்கள் நீராற்றினார்.

சட்டத்தை நிறுத்திய நாளில் எனக்கு அவசரம். கீழ்த்தண்டவாளத்தில் ரசமட்டம் சரியாகவே காட்டியது. "திருகிவிடலாமே" என்றேன். அவர் அளவுநாடாவின் ஒரு முனையை என் கையில் கொடுத்து, மூலைவிட்டங்கள் இரண்டையும் அளக்கச் செய்தார். ஒன்று மற்றதைவிட அரை அங்குலம் நீண்டிருந்தது. இரண்டும் சமமானால்தான் சட்டம் செவ்வகமாகும்.

"இன்று நாம் தள்ளினால் ஓடும். நாளை அம்மா ஒற்றைக் கையால் தள்ளும்போது நின்றுவிடும்" என்றார் அவர்.

நான் தலைகுனிந்தேன். யாருக்காக அந்தக் கதவோ, அவருடைய கையின் வலிமையை நான் எண்ணிப் பார்க்கவில்லை. மாலைவரை ஆப்புகளை வைத்தும் எடுத்தும் அவர் சட்டத்தை நேராக்கினார். சக்கரம் தடுக்காதிருக்கத் தண்டவாளத்தைத் தரைக்குச் சமமாகப் பதித்திருந்தார். மழைநீர் உள்ளே வராதிருக்க வெளித்தளத்தைக் கொல்லைப் பக்கம் சரித்தார். தண்டவாளத்தின் வடிதுளைகள் சிமெண்டால் அடைபடாமல் காத்தார். உடைந்தாலும் கூரிய பாளங்களாகாமல் சிறு துண்டுகளாக உதிரும் கடினக் கண்ணாடியையே பொருத்தினார்.

இரண்டு நாள்கள் கழித்து, விடியற்காலையில் கதவைத் திறக்கச் சென்றேன். அது முன்பே திறந்திருந்தது. மடியில் செம்புடன் அம்மா துளசி மாடத்தின் அருகில் இருந்தார்.

"நான் உதவட்டுமா அம்மா?"

"வேண்டாம்" என்றார்.

அதே சொல்தான். ஆனால், இம்முறை அம்மா சிரித்துக்கொண்டே சொன்னார்.