வாய் திறக்காத ஊரில் ஒரு கோடை

திருவள்ளூரில் மின்சார ரயில் ஏறினால், ஆவடி வருவதற்குள் எதிர் சீட்டு அம்மாளின் மருமகள் சங்கதி வரை எனக்குத் தெரிந்துவிடும். 2024 ஜூனில் தங்கையின் பிரசவத்துக்காக ஸ்வீடன் போனேன். ஸ்டாக்ஹோம் ரயிலில் மூச்! பஸ் ஸ்டாப்பிலும் ஆளுக்கு ஆள் நாலடி தள்ளித்தான் நிற்கிறார்கள். "என்னடி, எல்லோருக்கும் சண்டையா?" என்றேன். "மரியாதைக்கா" என்றாள்.

இரவு பத்து மணிக்குத்தான் சூரியன் மறைகிறது. சாயங்கால விளக்கை எப்போது ஏற்றுவது, சொல்லுங்கள்!

ஒருநாள் காபிக் கடை வாசலில் தள்ளுவண்டியில் ஒரு குழந்தை தனியே தூங்கியது. பதறிப்போய்க் காவல் நின்றேன். உள்ளேயிருந்து வந்த தாய் என்னைப் பார்த்தாளே ஒரு பார்வை, பிள்ளை பிடிக்கிறவளைப் பார்ப்பது போல! குளிர்காலத்திலும் வெளிக் காற்றில் தூங்க வைப்பது அங்கே வழக்கமாம்.

பூங்காவில் வண்டி தள்ளுகிறவர்களில் எத்தனை ஆண்கள்! 1974 முதலே அங்கே தகப்பனுக்கும் பிள்ளை வளர்க்க உதவித்தொகையோடு லீவு உண்டு. இப்போது ஒரு குழந்தைக்கு 480 நாள். அதில் 90 நாள் தகப்பனுக்கே உரியது, எடுக்காவிட்டால் போச்சு.

நடுராத்திரி குழந்தை அழுதது. எழுந்து ஓடினேன். "நீங்க படுங்கக்கா, இது என் முறை" என்றார் தங்கை வீட்டுக்காரர். எனக்குத்தான் தூக்கம் போயிற்று. பெரியவன் பிறந்தபோது காய்ச்சலோடு தனியாகக் கண் விழித்த ராத்திரிகள் நினைவுக்கு வந்தன. இவரைக் குறை சொல்லவில்லை. இவருக்கு யாரும் சொல்லித் தரவில்லை. நானும் வாய் திறந்து கேட்டதில்லை.

ஊர் திரும்பியதும் கேட்டுவிட்டேன். இப்போது பிள்ளைகள் அவரவர் தட்டைக் கழுவுகிறார்கள். இவரும் காபி டம்ளரைக் கழுவிக் கவிழ்க்கிறார், ஒரு வார்த்தை பேசாமல், அசல் ஸ்வீடன்காரர் மாதிரி!