ஜெராய் மலையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை

கெடா மாநிலத்தில், சுங்கைப் பட்டாணியைச் சுற்றியுள்ள தோட்டங்களிலும் பட்டணங்களிலும் வாழும் தமிழர்க்கு ஜெராய் மலையை அறிமுகஞ் செய்து வைக்க வேண்டுவதில்லை. அதன் உயரம் 1217 மீட்டர். நம் நாட்டின் பெரிய மலைகளோடு ஒப்பிட்டால் இஃதொரு பெரிய உயரமன்று. ஆயினும், ஒருபுறம் நெல்வயலும் மறுபுறம் கடலுமாகப் பரந்து கிடக்கும் தட்டை நிலத்தினின்று தன்னந்தனியே எழுந்து நிற்பதால், வடக்கு நோக்கிய கண்ணுக்கு அது தப்புவதில்லை. நாள்தோறும் அதனைப் பார்க்கிறோம். நம் குழந்தைகள் படம் வரைந்தால் அதனைத்தான் வரைகின்றன. அம்மலையில் கால் வைத்தவர் நம்மில் எத்தனை பேர் என்று கேட்டாலோ, விடை வெட்கந் தருவதாக இருக்கின்றது.

இக்கேள்வி பாக்கார் ஆராங்கில் ஒரு காப்பிக் கடையில், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு எழுந்தது. பேச்சு வேறெதைப் பற்றியோ தொடங்கிற்று. எதிரே மலை முகில் நீங்கித் தெளிவாய் நின்றது. "ஏறினால் என்ன?" என்றார் ஒருவர். அரைமணி நேரத்தில் நாம் அறுவர் ஒரு வாகனத்தில் இருந்தோம். முன்னேற்பாடென்று சொல்லத்தக்கது ஆறு பொட்டலம் நாசி லெமாக்கும், நான்கு போத்தல் தண்ணீரும், ஒரு பழைய குடையுமே.

உடன் வந்தோரில் இருவரைப் பற்றி மட்டும் ஈண்டுச் சொல்லுதல் வேண்டும். ஒருவர் நாமெல்லாம் பெரியம்மா என்றழைக்கும் மூதாட்டியார். மலையின் தென்கிழக்கே ஒரு தோட்டத்தில் முப்பதாண்டுக் காலம் பால் வெட்டியவர். அந்தத் தோட்டம் துண்டாடப்பட்டு, லயங்கள் இடிபட்டு, மகனோடு பட்டணத்துக்குக் குடிபெயர்ந்தவர். கடைக்கு வடை வாங்க வந்தவரிடம் விளையாட்டாகக் கேட்டோம். "இரு, செருப்பை மாத்திக்கிட்டு வரேன்" என்று போய்விட்டார்! மற்றவர் பாக்கார் ஆராங் தொழிற்பேட்டையில் வேலை செய்யும் ஓர் இளைஞர். அன்று அவருக்கு மிகைநேர வேலைக்கு அழைப்பு வந்திருந்தது. ஞாயிற்றுக்கிழமை வேலைக்குச் சம்பளம் கூடுதல். வீட்டில் தங்கையின் கல்லூரிச் செலவு காத்திருக்கின்றது. "ஒருநாள் போகாவிட்டால் என்ன குறைந்துவிடும்?" என்று அவரைக் கேட்பது நமக்கு எளிது. குறைவது இவ்வளவு வெள்ளி என்று அவர் கணக்காகச் சொன்னார். சொல்லிவிட்டு வண்டியில் ஏறிக்கொண்டார்.

முதலில் செமிலிங் வழியாக மெர்போக் பக்கம் சென்றோம். மலையின் தென்சரிவில், ஓர் அருவியாற்றின் கரையில், புக்கிட் பாத்து பஹாட் என்னுமிடத்தே ஒரு பழங்கோயிலின் கல்லடித்தளம் இருக்கின்றது. பாத்து பஹாட் என்றால் செதுக்கிய கல் என்பது பொருள். 1936-37ஆம் ஆண்டுகளில் குவாரிட்ச் வேல்ஸ் என்னும் ஆங்கிலேய ஆராய்ச்சியாளர் இவ்வட்டாரத்தில் அகழ்ந்து, முப்பது இடங்களுக்கு எண்ணிட்டு விவரம் எழுதினார். இக்கோயில் அவற்றுள் எட்டாவது. சிதறிக் கிடந்த கற்களை அடுக்கி, 1960இல் இதனை இன்றுள்ள வடிவில் மீண்டும் நிறுத்தினார்கள். கருவறைக்குரிய மேடையும் அதன் முன்னே மண்டபத் தளமும் இருக்கின்றன. மேலே கூரை தாங்கிய மரத்தூண்கள் மட்கிப்போக, அவை நின்ற கல்லாதாரங்கள் மட்டும் வரிசையாய் எஞ்சியிருக்கின்றன. பக்கத்திலே 1980இல் திறக்கப்பட்ட அருங்காட்சியகம் உள்ளது. தளத்தின் அடியிற் புதைத்து வைத்த கல்பேழைகளும், அவற்றினுள் இட்ட மணிகளும் உலோகத் துண்டுகளும் இங்கிருந்து கிடைத்தவையே.

இவ்விடத்தில் நம் தமிழர் பலர் செய்வது யாதெனில், மார்பை நிமிர்த்திக்கொண்டு 1025ஆம் ஆண்டைச் சொல்வதாம். இராசேந்திர சோழனின் கப்பற்படை கடாரத்தை வென்ற ஆண்டு அது. மெய், அம்மன்னனின் மெய்க்கீர்த்தி அதனைச் சொல்கின்றது. ஆனால் அதற்கு இருபதாண்டுகளுக்கு முன்னே, அவன் தந்தை இராசராசன் காலத்தில், கடாரத்து மன்னர் குலம் நாகப்பட்டினத்தில் சூடாமணி விகாரம் என்னும் பௌத்தப் பள்ளியை எடுப்பித்ததும், அதற்கு ஆனைமங்கலம் என்ற ஊரைச் சோழன் கொடுத்ததும் செப்பேட்டில் எழுதப்பட்டுள்ளன. அச்செப்பேடு பின்னர் ஆலந்து நாட்டின் லெய்டன் நகரைச் சேர்ந்தது. படையெடுப்பைப் பேசுவோர் இந்தப் பள்ளியைப் பேசுவதில்லை. கொள்ளையைக் காட்டிலும் கொடுக்கல் வாங்கல் பெருமை குறைந்ததென்று எப்போது முடிவு செய்தோமோ, அறியோம். அலை கடந்த நாவிகர்க்கு இம்மலைதான் வழிகாட்டி. சோழமண்டலக் கரையினின்று கிழக்கே வரும் மரக்கலங்களுக்கு இதன் உச்சி முதலில் தோன்றும். அதன் அடியில் மெர்போக் ஆற்றின் வாய் திறந்திருக்கும். ஆள்வோருக்கு முன்பே வணிகரும் கைத்தொழிலாளரும் வந்தனர். அருகே சுங்கை பாத்துவில் 2009 முதல் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தார் நடத்திய அகழ்வில் வெளிப்பட்டவை அரண்மனைகளல்ல. இரும்புருக்கும் உலைகளும், துருத்திக் குழல்களும், கழிவுக் கசடுமே. உலையூதிய தொழிலாளியின் பெயர் எந்த மெய்க்கீர்த்தியிலும் இல்லை.

பெரியம்மா ஒரு கல்லாதாரத்தின் மேல் உட்காரப் போனார்; காவலர் கையசைக்க எழுந்துகொண்டார். "இதெல்லாம் நம்ம ஆளுங்க கட்டினதா?" என்று நம்மைக் கேட்டார். எவர் கைபட்டதென்று உறுதியாகச் சொல்லுதற்கில்லை. இந்நாட்டு மக்களும் கடல் கடந்து வந்தோரும் கூடி வாழ்ந்த துறைமுகம் என்றோம். "கூலி கொடுத்திருப்பாங்களா?" என்பது அவருடைய அடுத்த கேள்வி. அகழ்வாராய்ச்சி நூல்களில் நாம் தேடியிராத கேள்வி அது.

இன்னொன்றையும் அங்கே நினையாதிருக்க முடியவில்லை. 2013இன் இறுதியில், இதே பூசாங் பள்ளத்தாக்கில், 11 என்று எண்ணிட்ட பழங்கோயிலின் அடித்தளம், நிலத்தை மேம்படுத்தும் வேலையில் தரைமட்டமாக்கப்பட்ட செய்தி வெளிவந்தது. நாடெங்கும் கூச்சல் எழுந்தது; நம்மவரும் அறிக்கைகள் விட்டனர். அவ்விடத்தை அதற்கு முன் ஒரு தடவையேனும் நடந்துபோய்ப் பார்த்தவர் அறிக்கை விட்டோருள் எத்தனை பேர்? ஆள்நடமாட்டமில்லாத இடத்தில் யந்திரம் வந்து போவதை யார் காண்பார்?

நிற்க. மெர்போக்கினின்று திரும்பிப் பீடோங்கைக் கடந்து குரூணுக்குச் சென்றோம். பீடோங்கைக் கடக்கையில் பேச்சுத் தானாகவே 1947ஆம் ஆண்டுக்குச் சென்றது. அவ்வாண்டிலே ஹார்வார்டு தோட்டத்தையும் அதன் சுற்றுப்புறத்தையும் சேர்ந்த தொழிலாளர், தொண்டர் படையாகத் திரண்டு, கள்ளுக்கடைக்கு முன் மறியல் செய்தனர். காவற்படையோடு மோதல் நேர்ந்தது. உயிரிழப்பும் சிறையும் தொடர்ந்தன. ஓய்வுநாளில் தோட்டத் தொழிலாளி போவதற்கென்று அக்காலத்தில் தோட்டத்திற்குள்ளேயே அமைத்துக் கொடுக்கப்பட்ட ஒரே இடம் கள்ளுக்கடை. மலை கண்ணெதிரே இருந்தது. அதற்குக் கட்டணமும் இல்லை. ஆயினும் போகும் வழியைக் காட்டுவார் இல்லை. போய்வரப் பொழுதும் இல்லை.

பொழுதில்லை என்பதைச் சற்று விரித்துச் சொல்லுதல் நலம். விடியுமுன் பெரட்டு, பேர் கொடுத்து, நிரைக்குப் போய், உச்சிப்பொழுதுக்குள் பால் எடுத்து, நிறுத்துக் கொடுத்து வீடு திரும்பினால், தண்ணீர், விறகு, அடுப்பு. 1955ஆம் ஆண்டின் வேலைச் சட்டம் வாரத்தில் ஒரு முழுநாள் ஓய்வுக்கு உரிமை தந்தது. ஆனால் நாட்கூலிக்காரனுக்கு ஓய்வுநாள் சம்பளமில்லா நாள். உரிமை ஏட்டில் இருக்க, வயிறு அதனை விற்றுவிடும். தோட்டம் போய்த் தொழிற்சாலை வந்தது. பெரட்டுப் போய்ச் சங்கு வந்தது. நம்மோடு வந்த இளைஞரின் கணக்கு மட்டும் அவர் பாட்டனாரின் கணக்காகவே இருக்கின்றது.

காட்டுப் பாதை வழியாக ஏறுவதற்கு வன இலாகாவின் அனுமதி வேண்டும். திடீரெனப் புறப்பட்ட நம்மிடம் அஃதில்லை. ஆதலால் குரூண் பக்கத்து மலைச்சாலையைப் பிடித்தோம். வண்டியைப் பாதி தூரம் ஓட்டிச் சென்று ஓரமாய் நிறுத்திவிட்டு, அங்கிருந்து நடந்தோம். வளைந்து வளைந்து செல்லும் செங்குத்தான சாலை. இருமருங்கிலும் காடு, மேலே கிளைகள் கூடிக் கூரை வேய்ந்தாற்போல. ஒரு மணி நேரத்தில் நம் பேச்சு நின்றுவிட்டது. மூச்சு மட்டும் கேட்டது. பெரியம்மா மட்டும் பேசிக்கொண்டே வந்தார். நிரையில் நாளொன்றுக்குப் பலநூறு மரம் ஏறி இறங்கி வெட்டிய கால்கள் அவை. நம் காற்சட்டைக் கால்கள் அவற்றுக்கு ஈடாகா.

அவர் சொன்னதில் ஒன்று நம் உள்ளத்தை விட்டகலவில்லை. "இந்த மலைய எனக்கு நல்லாத் தெரியும்பா. விடியக்காலம் எந்திரிச்சதும் முதல்ல இதைத்தான் பாப்போம். முக்காடு போட்டிருந்தா மழை. மழைன்னா வேலை இல்ல." பட்டை நனைந்தால் பால் வெட்டுக்கோட்டின் வழியே கோப்பையில் விழாது, மரமெங்கும் பரந்து வீணாய் வழியும். ஆகையால் மழைநாளில் வெட்டு நிற்கும். வெட்டு நின்றால் அன்றையக் கூலியும் நிற்கும். ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் மலை வாரக்கணக்காய் முகில் மூடிக் கிடக்கும்போது, கடைக்காரன் கணக்குப் புத்தகம் நீளும். நாம் கவிதை எழுதுகின்ற முகில் அவருக்குக் கடன். முப்பதாண்டு அம்மலையைப் பார்த்தும் அதன் மேல் என்ன இருக்கிறதென்று அவர் ஒருமுறையும் நினைத்ததில்லையாம். "மேல போய் என்ன செய்ய? விறகு நம்ம காட்டுலயே கெடைக்கும்."

நம் மக்கள் மலை ஏறாதவரல்லர். பத்துமலையின் 272 படிகளை ஆண்டுதோறும் இலட்சக்கணக்கானோர் ஏறுகின்றனர்; பினாங்குத் தண்ணீர்மலைக்கும் குறைவில்லை. அங்கெல்லாம் தோளில் காவடியும் நெஞ்சில் ஒரு வேண்டுதலும் உண்டு: நோய் தீர, பிள்ளை தேற, வேலை நிலைக்க. வேண்டுவோரை நாம் ஈண்டுக் குறை சொல்ல வரவில்லை. ஆனால் எதையும் கேளாமல், எதையும் செலுத்தாமல், காற்று வாங்குவதற்காகவே ஒரு மலையை ஏறலாம் என்னும் எண்ணம் நம் இல்லங்களில் பழக்கத்திற்கு வரவில்லை. அவ்வாறு போகின்றவனைச் சோம்பேறி என்கிறோம். பெண்ணாயிருந்தால் அதனினும் கொடிய சொல் காத்திருக்கின்றது. வழியில் நம்மைக் கடந்து சீனத் தோழர் குடும்பங்களும், மலாய் மாணவர் குழுவும் சிரித்துப் பேசிக்கொண்டு சென்றன. தமிழர் என்று கண்டது நம்மைத்தான். பெரியம்மாவைக் கண்ட மாணவியர், "மக்சிக், ஹெபாட்!" என்று கைதட்டினர். அவர் முகம் மலர்ந்ததை என்னென்போம்!

மேலே ஏற ஏறக் காற்றுக் குளிர்ந்தது. மரங்கள் குட்டையாயின, பாசி தண்டுகளைப் போர்த்தது. சாலையோரத்து மண்சரிவில் குடுவைச்செடி கொத்தாகத் தொங்கக் கண்டோம். மலாய்க்காரர் அதனைக் குரங்கின் பானை என்பர். இலையின் நுனி நீண்டு மூடியிட்ட செம்பு போலாகி, உள்ளே நீர் தேங்கி நிற்கும். வழுக்கி விழுந்த பூச்சியைச் செடி சிறிது சிறிதாகச் செரித்துக்கொள்ளும். மண்ணில் சத்துக் குறைந்த இடத்தில் பிழைக்க இஃதொரு வழி. இளைஞர் நெடுநேரம் குனிந்து அதனையே பார்த்தார். "பதினான்கு வருஷமாக இந்த மலைக்கு எதிரே வேலை பார்க்கிறேன். ஜன்னல் கிடையாது, அண்ணே" என்றார்.

ஒரு திருப்பத்தில் மரங்கள் விலகின. மேற்கே யான் கடற்கரையும் அதற்கப்பால் கடலும் வெள்ளித் தகடாய்க் கிடந்தன. கீழே வயல்கள் கட்டங் கட்டமாய். தெற்கே மங்கலாய்ச் சுங்கைப் பட்டாணி. பெரியம்மா கையை நெற்றியில் வைத்துத் தேடினார். தம் தோட்டம் எங்கே என்று கேட்டார். செம்பனையும் வீடமைப்புத் திட்டமும் கலந்து கிடந்த ஒரு பரப்பைக் காட்டினோம். சற்று நேரம் பார்த்திருந்துவிட்டு, "இவ்ளோ சின்னதா?" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. அங்கேயே அமர்ந்து பொட்டலங்களைப் பிரித்தோம். சோறு ஆறியிருந்தது, சம்பல் மட்டும் காரம் குறையவில்லை.

உச்சி வரை நாம் செல்லவில்லை. இரண்டு மணிக்கு முகில் இறங்கிற்று. நான்கடி தூரத்தில் நிற்பவர் நிழலாயினர். பழைய குடையைப் பெரியம்மாவிடம் கொடுக்க, அவர் அதனை ஊன்றுகோலாக்கிக்கொண்டு நனைந்தபடியே இறங்கினார். கெண்டைக்காலில் ஏறிய இரண்டு அட்டைகளைச் சுண்ணாம்பு தடவி விழச்செய்யும் வித்தையை நமக்குக் கற்பித்தார். சுண்ணாம்பு அவருடைய வெற்றிலைப் பையில் இருந்தது.

மாலை ஐந்தரைக்குப் பாக்கார் ஆராங் சேர்ந்தோம். காட்டுப் பாதை வழியாக உச்சிக்குச் செல்ல முறைப்படி அனுமதி கேட்பதென்று பேசி, பெயர்ப் பட்டியல் ஒன்று காப்பிக் கடை மேசையிலேயே எழுதப்பட்டது. மறுவாரத்திற்குள் அதில் பதினோரு பெயர்கள் சேர்ந்தன, நான்கு பெண்கள். இளைஞர் தம் பெயருக்கு எதிரே, மிகைநேர வேலையில்லாத ஞாயிறாகப் பார்த்து நாள் குறிக்கும்படி எழுதியிருக்கிறார். பெரியம்மா தம் பெயரோடு பக்கத்து வீட்டு அம்மாளின் பெயரையும், அவரைக் கேளாமலே, கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்.