டிரெய்லருக்கு ஒரு குடை... தேவையா பாஸ்?

அமெரிக்காவுக்கு எம்.எஸ். படிக்கப் போன சீனியர் யாராவது உங்களுக்கும் அந்த போட்டோவை அனுப்பியிருப்பாங்க. பெரிய பிக்கப் டிரக், அதுக்குப் பின்னாடி கொக்கி போட்டு மாட்டின ஒரு குட்டி வீடு, அதுக்கு முன்னாடி கூலிங்கிளாஸோட நாலு பேர். ‘லீவுக்கு வாடகைக்கு எடுத்தோம்டா மச்சி!’னு ஒரு பந்தா வேற!

அந்தக் குட்டி வீட்டுக்குப் பேரு டிராவல் டிரெய்லர். சொந்தமா இன்ஜின் கிடையாது. உள்ளே கட்டில், அடுப்பு, ஃபிரிட்ஜ், பாத்ரூம் எல்லாம் உண்டு. பனியனுக்குத் திருப்பூர், பட்டாசுக்கு சிவகாசி மாதிரி, இந்த வண்டிகளுக்கு இண்டியானா மாநிலத்து எல்க்ஹார்ட். அந்த ஊரைச் சுத்தியே இதைக் கட்டுற தொழிற்சாலைகள் குவிஞ்சு கிடக்கு.

இதுல ஒரே ஒரு சிக்கல், அகலம். அமெரிக்காவில் பெரும்பாலான நெடுஞ்சாலைகளில் வண்டியோட அகலம் எட்டரை அடியைத் தாண்டக்கூடாது. அதுக்குள்ளே சோபாவும் டைனிங் டேபிளும் போட்டா, நண்டு மாதிரி பக்கவாட்டுலதான் நடக்கணும். அதுக்குக் கண்டுபிடிச்ச வழிதான் ‘ஸ்லைடு அவுட்’. மேஜை டிராயர் இருக்கில்ல... அதேதான்! ஓடும்போது உள்ளே இருக்கும். நிறுத்தினதும் ஒரு பட்டனை அமுக்கினா, சுவர், ஜன்னல், சோபாவோட அறையில ஒரு துண்டு ரெண்டு, மூணு அடி வெளியே வந்து நிக்கும். ரோட்டுக்குத்தான் அகலக் கட்டுப்பாடு. நின்ன இடத்துல யாரு கேக்கப்போறா?

கேக்குறது மழையும் மரமும்! வெளியே வந்த அந்த டிராயருக்கும் ஒரு கூரை உண்டு. கிட்டத்தட்ட தட்டையான கூரை. அதுமேல விழுற இலை, சுள்ளி, தண்ணி எல்லாம் அங்கேயே கிடக்கும். மறுநாள் பட்டனை அமுக்கி உள்ளே இழுத்தா, அவ்வளவும் உங்க சோபாவுக்கு மேலே வந்து சேரும்.

இதுக்கு விக்கிற மருந்துதான் ‘ஸ்லைடு டாப்பர்’. ஒரு நீளத் துணி. ஒரு ஓரம் டிரெய்லர் சுவரோட மேல்பக்கம் மாட்டியிருக்கும். மறு ஓரம் ஸ்லைடோட வெளி விளிம்புல ஒரு உருளையில சுத்தியிருக்கும். ஸ்லைடு வெளியே போனா துணி தானா விரியும். உள்ளே வந்தா உருளைக்குள்ளே இருக்கிற ஸ்பிரிங் அதைச் சுருட்டிக்கும். கரன்ட் வேண்டாம், பட்டன் வேண்டாம். ஒரு ஸ்லைடுக்குச் சில நூறு டாலர் செலவு. மூணு ஸ்லைடு இருந்தா மூணு மடங்கு.

போடலாமா, வேண்டாமா? இந்தக் கேள்விக்குக் கடைக்காரர் சொல்ற பதில் எப்பவும் ஒண்ணுதான். அதனால அவரை விட்டுட்டு ரோட்டைக் கேப்போம். டிரக்ல ஏறுங்க!

ஸ்டாப் 1: காட்டேரி ஊர்

‘ட்விலைட்’ பார்த்திருக்கீங்களா? 2005ல் நாவலா வந்து 2008ல் படமான காட்டேரிக் காதல் கதை. ஹீரோயின் பெல்லா, அரிசோனா மாநிலத்து பீனிக்ஸ்லேர்ந்து வாஷிங்டன் மாநிலத்து ஃபோர்க்ஸுக்கு வருவா. எழுதின ஸ்டெஃபனி மேயர், அமெரிக்காவுல மழை ரொம்பக் கொட்டுற இடம் எதுனு தேடித்தான் இந்த ஊரைப் பிடிச்சாங்க. காட்டேரிக்கு வெயில் ஆகாதே!

அந்த பெல்லா போன ரூட்டைத்தான் நாம ரிவர்ஸ்ல போகப்போறோம். முதல்ல ஃபோர்க்ஸ். இங்கே வருஷத்துக்கு 100 அங்குலத்துக்கு மேலே, அதாவது 2,500 மி.மீ.க்கும் அதிகமா மழை. பக்கத்துல ஒலிம்பிக் தேசியப் பூங்காவுக்குள்ளே இருக்கிற ‘ஹோ’ மழைக்காட்டுல சுமார் 3,500 மி.மீ.! நம்ம சென்னையில வருஷம் பூரா பெய்றது ஏறக்குறைய 1,400 மி.மீ.தான். அதுக்கே நாம படகு தேடுறோம்.

காட்டுக்குள்ளே நுழைஞ்சா கண்ணுக்குப் பச்சையைத் தவிர எதுவும் தெரியாது. வானத்தை முட்டுற சிட்கா ஸ்ப்ரூஸ், ஹெம்லாக் மரங்கள். மேப்பிள் கிளைகள்ல தாடி மாதிரி தொங்குற பாசி. மழை நின்ன பிறகும் மரம் சொட்டிக்கிட்டே இருக்கும்.

ரொமான்ஸ் போதும், கூரைக்கு வாங்க. இப்படி ஒரு மரத்தடியில ராத்திரி நிறுத்தினா, விடியறதுக்குள்ளே ஊசி ஊசியா இலை, பாசித் துண்டு, குச்சி எல்லாம் ஸ்லைடு மேல படுத்திருக்கும். ஸ்லைடைச் சுத்தி ஒரு ரப்பர் பட்டை உண்டு. தண்ணி உள்ளே வராம தடுக்கிற ஒரே காவல்காரன் அதுதான். குச்சியோட இழுத்தா அது கிழியும். ரப்பர் கிழிஞ்சா தண்ணி வரும். நிறைய டிரெய்லர்களுக்குத் தரையும் சட்டமும் மரப்பலகைதான். ஈரம் இறங்கினா ஊறி, உப்பி, உளுத்துப் போகும். மேலே பெயின்ட் பளபளனு இருக்கும். உள்ளே பலகை பிஸ்கட் மாதிரி நொறுங்கும்.

இந்த ஊர்ல துணி ஜெயிக்குது, சந்தேகமே இல்லை. ஆனா ஒரு கண்டிஷன். கனமழையில துணி நடுவுல தொய்ஞ்சு குளம் கட்டும். அப்படியே படார்னு ஸ்லைடை இழுக்கக்கூடாது. கொஞ்சம் இழுத்து நிறுத்தி, தண்ணி வழிஞ்சதும் மிச்சத்தை இழுக்கணும். டிரெய்லரோட ஒரு மூலையைக் கொஞ்சம் தாழ்த்தி வெச்சும் தண்ணியை வடிய விடலாம். துணிக்கு அடியில காத்தடிச்ச பந்தைச் செருகி, கூடாரம் மாதிரி தூக்கி நிறுத்துற கில்லாடிகளும் உண்டு.

ஸ்டாப் 2: கலிஃபோர்னியாவின் ஆரல்வாய்மொழி

ஃபோர்க்ஸ்லேர்ந்து தெற்கே ரெண்டாயிரம் கிலோமீட்டருக்கு மேலே ஓட்டினா, பாம் ஸ்பிரிங்ஸ் பக்கத்துல சான் கோர்கோனியோ கணவாய். ஒரு பக்கம் சான் கோர்கோனியோ மலை, எதிர்ப்பக்கம் சான் ஹசின்டோ மலை. ரெண்டும் 10,000 அடிக்கு மேலே. நடுவுல ஒரு சந்து. கடல் பக்கத்துக் குளிர் காத்து பாலைவனத்துக்கு ஓடுறதுக்கு அந்தச் சந்துதான் வழி.

நாகர்கோவில் போற வழியில முப்பந்தல் பார்த்திருப்பீங்க. மலை இடுக்குல பாய்ற காத்தும், கண்ணுக்கெட்டின தூரம் வரை காத்தாடிகளும். அதே சீன்தான் இங்கே. 10ஆம் எண் இன்டர்ஸ்டேட் ரோட்டுக்கு ரெண்டு பக்கமும் வரிசை வரிசையா காற்றாலைகள் சுத்திக்கிட்டு நிக்கும்.

ஒரு ஊர்ல காற்றாலை வெச்சிருக்காங்கன்னா, அங்கே துணியைக் கட்டித் தொங்கவிடறவன் யோசிக்கணும் இல்லையா? இந்த மாதிரி இடத்துல நிறுத்தி ஸ்லைடை வெளியே விட்டா, டாப்பர் ராத்திரி பூரா பட் பட்னு அடிக்கும். கட்டிலுக்கு மேலே யாரோ பறை அடிக்கிற மாதிரி இருக்கும். காத்து இன்னும் ஏறினா துணி கிழியும், உருளை வளையும். அதனால பலத்த காத்துக்கு ஸ்லைடை உள்ளே இழுத்துடுறதுதான் வழக்கம். துணியைக் காப்பாத்த ஹாலை மூடிட்டு, மறுபடி நண்டு நடை!

ஓடும்போதும் கவலை உண்டு. சுருட்டின துணிக்குள்ளே காத்து புகுந்தா பாய்மரம் மாதிரி உப்பும். சைடு மிரர்ல ஒரு கண் இருக்கணும். அப்படி உப்பாம இருக்க உருளையைப் பூட்டி வைக்கிற தனிக் கருவிகளும் விக்கிறாங்க. மருந்துக்கு ஒரு மருந்து!

ஸ்டாப் 3: குளிர்காலத்து வேடந்தாங்கல்

அதே ரோட்ல கிழக்கே போங்க. கொலராடோ ஆத்தைத் தாண்டினா அரிசோனா. அங்கேர்ந்து முப்பது கிலோமீட்டர் சொச்சத்துல குவார்ட்ஸைட்னு ஒரு ஊர். பெல்லாவோட பீனிக்ஸ் இன்னும் இருநூறு கிலோமீட்டர். பீனிக்ஸ்ல வருஷத்துக்கே 8 அங்குலம், அதாவது 200 மி.மீ. மழை தேறாது. ஃபோர்க்ஸ் ஒரு நல்ல மாசத்துல ஊத்தித் தள்ளுற கணக்கு அது!

வறட்சிக்கு சாட்சி வேணுமா? ஊர்ல ஒரு கல்லறை இருக்கு. கல்லால கட்டின பிரமிடு, உச்சியில ஒரு ஒட்டகம். 1850களில் அமெரிக்க ராணுவம் இந்தப் பாலைவனத்துக்காக ஒட்டகங்களை இறக்கினப்போ, கூடவே வந்த ஒட்டகக்காரர் ஹாஜி அலி, 1902ல் இறந்து இங்கே தூங்குறார். உள்ளூர்க்காரங்க வாயில பேரு ‘ஹை ஜாலி’ ஆயிடுச்சு.

2020 கணக்கெடுப்புப்படி ஊர் ஜனத்தொகை 2,500க்கும் கம்மி. ஆனா குளிர்காலத்துல வந்து பாருங்க! வடக்கே பனி கொட்டுற மாநிலங்கள்லேர்ந்தும் கனடாவுலேர்ந்தும் டிரெய்லர்கள் கூட்டம் கூட்டமா இறங்கும். ‘ஸ்னோபேர்ட்ஸ்’, பனிப் பறவைகள்னு செல்லப் பேரு. செப்டம்பர் 15லேர்ந்து ஏப்ரல் 15 வரை நீண்ட நாள் தங்கவே மத்திய அரசு நிலத்தை ஒதுக்கி பர்மிட் கொடுக்குறாங்க. பெரும்பாலானவங்க ரிட்டயர் ஆனவங்க. வீட்டு வாடகை கட்ட முடியாம வண்டியையே வீடாக்கிக்கிட்டவங்களும் உண்டு. 2021ல் சிறந்த படத்துக்கான ஆஸ்கர் வாங்கின ‘நோமட்லேண்ட்’ காட்டினது இவங்க வாழ்க்கையைத்தான். இந்த ஊரும் அதுல வருது.

இங்கே துணி எதுக்கு? விழுறதுக்கு இலை இல்லை, மரமே இல்லை. கிரியசோட் புதரும் தூணாட்டம் நிக்கிற கள்ளியும்தான். வெயில்தான் இங்கே வில்லன். துணியை முதல்ல வெளுக்க வைக்கும், அடுத்து தையல் நூலைத் தின்னும். சில வருஷத்துல துணி மாத்த வேண்டியதுதான். ஆதரவா ஒரு பாயின்ட்: ஸ்லைடு கூரைக்கு நிழல் கிடைக்கும், உள்ளே சூடு கொஞ்சம் குறையும். ஆனா பனிப் பறவைங்க இருக்கிறது குளிர்காலத்துல. அப்போ மதிய வெயிலே இதமாத்தான் இருக்கும். ஆறு மாசம் அசையாம நிக்கிற வண்டிக்கு, கிளம்புற அன்னிக்கு ஒரு தடவை ஏணியும் துடைப்பமும் போதும்.

அந்த ஏணியில யாரு ஏறுறது?

இங்கேதான் கணக்கு மாறுது பாஸ். ‘துடைப்பம் போதும்’னு 22 வயசுல நீங்க சொல்லலாம். அங்கே நிக்கிறவருக்கு எழுபது வயசு. மனைவிக்கு மூட்டு வலி. டிரெய்லர் கூரை தரையிலேர்ந்து பத்து, பதினோரு அடி. காலையில பனி ஈரத்துல வழுக்கும். ஒரு தடவை கால் தவறினா இடுப்பெலும்பு. அமெரிக்காவுல ஆஸ்பத்திரி பில் எப்படி இருக்கும்னு உங்க சீனியரைக் கேளுங்க. சில நூறு டாலர் துணி அப்போ தண்டச் செலவா தெரியாது.

இன்னொரு பக்கம், அந்த வண்டியைத் தவிர வேற வீடே இல்லாதவங்களுக்குச் சில நூறு டாலர்ங்கிறது பல வாரச் சாப்பாடு. ஆனா தண்ணி இறங்கிப் பலகை உளுத்துட்டா போறதும் அந்த ஒரே வீடுதான். ஸ்டைலுக்காக மாட்டுற சமாசாரம் இல்லை இது.

அதனால நம்ம தீர்ப்பு இதுதான். கேள்வி ரெண்டே ரெண்டு. வண்டியை எங்கே நிறுத்தப்போறீங்க? மேலே ஏறிப் பெருக்கப்போறது யாரு? மரத்தடியில தங்கி அடிக்கடி இடம் மாறுறவங்க, ஏணி ஏற முடியாதவங்க கண்ணை மூடிட்டு மாட்டலாம். காத்தடிக்கிற வெட்டவெளியில மாசக்கணக்கா நிக்கிற, கால் திடமா இருக்கிற ஆளு காசை பாக்கெட்லயே வெச்சுக்கலாம். ரெண்டுங்கெட்டான் நிலைமையா? படுக்கைக்கு மேலே இருக்கிற ஸ்லைடுக்கு மட்டும் முதல்ல போட்டுப் பாருங்க. சோபா நனைஞ்சா நாளைக்குக் காயும், மெத்தை நனைஞ்சா இன்னிக்குத் தூக்கம் போச்சு! போடுறதானா தனியா போடாதீங்க. உருளைக்குள்ளே ஸ்பிரிங் முறுக்கேறி நிக்கும். நழுவினா விரலைப் பதம் பார்த்துடும். எப்பவும் ரெண்டு பேர் வேணும்.

லீவுக்கு வாடகைக்கு எடுக்கப்போற மக்களே, உங்களுக்கு இந்தத் தலைவலியே இல்லை. ஆனா கிளம்புறதுக்கு முன்னாடி அந்தப் பட்டன்ல விரலை வைக்கிறவர், ஒரு தடவை தலையைத் தூக்கிக் கூரையைப் பார்த்துடுங்க. துணி இல்லாத வண்டியா இருந்தா, கேங்லயே சின்னப் பையன் கையில துடைப்பத்தைக் கொடுங்க. கீழே ஏணியைப் பிடிச்சுக்க ஒருத்தர் நில்லுங்க. மிச்ச ரெண்டு பேர் போட்டோ எடுங்க!

ஹேப்பி ஜர்னி!