முதற் பால்

கல்லூரியிற் கற்றதனை வீட்டிற் சொல்லத் துணியாத மாணாக்கர் பலர் உளர். அவருள் யாமும் ஒருவராயிருந்தோம். அத்துணிவின்மையால் ஓர் உயிர் கழிந்ததனையும், மற்றோர் உயிர் நின்றதனையும் ஈண்டு எழுதப் புகுகின்றோம்.

எம்மூர் காங்கேயத்துக்கும் தாராபுரத்துக்கும் இடையே உள்ளதொரு மேட்டுநிலச் சிற்றூர். முள்கிளுவை வேலி சூழ்ந்த நான்கு ஏக்கர்க் கொறங்காடும், அதில் விளையும் கொழுக்கட்டைப் புல்லும், இரண்டு காங்கேயப் பசுக்களுமே எம் குடும்பத்தின் உடைமை. 2022-ஆம் ஆண்டு தீபாவளி விடுமுறைக்கு யாம் சென்றிருந்த ஓர் இரவில் மயிலைப் பசு கன்றீன்றது. கன்று மெலிந்திருந்தது, தானே எழவில்லை. நஞ்சுக்கொடி விழுமுன் பால் கறத்தலாகாது என்பது பாட்டனார் கொள்கை. கொடி விழும்போது விடிந்துவிட்டது. அதன்பின் ஊட்டிய பாலைக் கன்று சிறிதே விழுங்கிற்று. மறுநாட் கழிச்சல் கண்டது. மூன்றாம் நாள் இறந்தது.

அக்கன்றை வேப்பமரத்தடியிற் புதைத்தபோது மண்வெட்டி பிடித்தவர் யாமே. அவ்வாண்டுதான் விலங்கியல் வகுப்பிற் சீம்பாலைப் பற்றிக் கற்றிருந்தோம். மனிதக் குழவி நோயெதிர்ப் பொருள்களைக் கருவிலிருக்கும்போதே தாயினிடம் பெறுகின்றது. கன்றுக்கோ அவ்வாய்ப்பில்லை, பசுவின் கருப்பை அமைப்பு அப்பொருள்களைக் கடத்துவதன்று. ஆகவே கன்று அவற்றையெல்லாம் சீம்பாலிலிருந்தே பெறல்வேண்டும். கன்றின் குடல் அவற்றை முழுமையாக ஏற்கும் வாயிலோ பிறந்த சில மணி நேரமே அகலத் திறந்திருக்கும். பின்னர் விரைந்து குறுகி, ஏறக்குறைய 24 மணி நேரத்தில் அடைபட்டுவிடும். இவையனைத்தும் எமக்குத் தெரியும். தெரிந்தும் அவ்விரவு வாளா இருந்தோம். பெரியோர் முன் வாய் திறவாமை பணிவு என்று எமக்கு யாமே சொல்லிக்கொண்டோம். அது பணிவன்று, அச்சமே.

நிற்க. 2023-ஆம் ஆண்டு மார்கழியில், கிறிஸ்து பிறப்பு விடுமுறையின்போது, அதே பசு மீண்டும் கன்றீன்றது. பேறு நெடுநேரம் நீண்டமையாற் கன்று துவண்டு வீழ்ந்தது. பாட்டியார் அதன் மூக்கிலும் வாயிலும் இருந்த கோழையை விரலால் வழித்தெடுத்து, ஒரு வைக்கோல் துரும்பை மூக்கினுள் விட்டார். கன்று தும்மிற்று, மூச்சு வந்தது. யாம் சாக்கினால் உடலெங்கும் தேய்த்தோம். தொப்புள்கொடியை அயோடின் கரைசலில் நனைத்தோம். நல்ல கன்றாயின் ஒன்றிரண்டு மணி நேரத்தில் எழுந்து மடி தேடும். இதுவோ தலையையும் தூக்கவில்லை. வாயினுள் விரலிட்டுப் பார்த்தோம், குளிர்ந்திருந்தது. கால்நடை மருத்துவரைத் தொலைபேசியில் அழைத்தோம். விடிந்த பின்னரே வர இயலும் என்றார்.

பாட்டனார் தொழுவத்தின் வாயிலில் அமர்ந்திருந்தார். “கொடி விழட்டும் கண்ணு, அதுக்கு முன்னே கறந்தாக் கொடி தங்கிப்போகும்” என்றார்.

எம் நெஞ்சு படபடத்தது. “அப்பாரு, போன கன்றை நினைச்சுப் பாருங்க. அதுக்கும் இப்படித்தான் காத்திருந்தோம். மடியில் வாய் பட்டாலே தாய்க்குக் கருப்பை சுருங்கும். கொடியும் சீக்கிரம் விழுமுங்க. இன்னும் காத்திருந்தா இதையும் புதைக்கத்தான் வேணும்” என்றோம். பாட்டனாரை எதிர்த்து யாம் பேசிய முதல் நாள் அதுவே. அவர் நெடுநேரம் ஒன்றும் சொல்லவில்லை. பின்பு பாட்டியாரை நோக்கி, “செம்பை எடு” என்றார்.

பாட்டியார் கறந்த பால் மஞ்சள் நிறமாய்த் தேன்போற் கெட்டியாயிருந்தது. மூங்கிற் குழாயாற் புகட்ட எண்ணினோம். பாட்டியார் தடுத்து, விழுங்க மாட்டாத கன்றுக்கு ஊற்றினாற் பால் நெஞ்சிற் புகுந்து அதுவே எமனாகும் என்றார். இது யாம் அறியாதது. அவர் கன்றைப் பக்கவாட்டிற் கிடக்க விடாது நெஞ்சு தரையிற் படும்படி இருத்தினார்; பாலில் நனைத்த விரலை அதன் நாவின்மேல் வைத்து மெல்ல அசைத்தார். ஒரு முறை, இரு முறை, பத்து முறை, அசைவில்லை. அதன் பின்னரே அச்சிறு நாக்கு விரலைச் சுற்றிற்று. உடனே குழந்தைகளின் பாற்புட்டியைக் கொணர்ந்து ஊட்டினோம். முதன்முறை கால் லிட்டர்தான் சென்றது. கன்றின் எடையிற் பத்திலொரு பங்கு பால் வேண்டுமென்பது கணக்கு. எம் கன்றுக்கு அஃது ஏறக்குறைய 2 லிட்டர். மணிக்கொருமுறை சிறிது சிறிதாக ஊட்டினோம். ஆறிய பாலை நெருப்பில் வைத்தாற் சீம்பால் திரண்டுவிடுமாதலின், வெந்நீர்ப் பாத்திரத்தினுள் வைத்து வெதுவெதுப்பாக்கினோம்.

விடியுமுன் கொடி விழுந்தது. பொழுது புலர்ந்தபோது கன்று பின்னங்கால்களை ஊன்றி எழுந்து, வீழ்ந்து, மறுபடியும் எழுந்தது. மயிலை அதனை நக்கிக் கொடுத்தது. மருத்துவர் வந்து தொப்புளையும் மூச்சையும் சோதித்து, அஞ்சவேண்டுவதில்லை என்றார்.

கன்று குடித்தது போக எஞ்சிய பாலில் மூன்றாம் நாள் பாட்டியார் வெல்லமும் ஏலமும் இட்டு அவித்து, அண்டை வீடுகளுக்கும் அனுப்பினார். முன்னெல்லாம் முதல் நாளே அது செய்யப்படுவது வழக்கம். அவ்வாண்டு முதல் எம் வீட்டிற் கன்றுக்குரியது கன்றுக்கே என்றாயிற்று.

எம் நூலறிவு மட்டும் அக்கன்றைக் காத்ததென்று சொல்லோம். பாட்டியாரின் விரலின்றி அவ்வறிவு செம்பிலேயே கிடந்திருக்கும். ஆயினும் அவ்விரலும் விடியும்வரை காத்திருந்திருக்குமன்றோ?

காங்கேயக் கன்று பிறக்கும்போது சிவப்பாயிருந்து, ஆறு திங்களளவிற் சாம்பல் நிறமெய்தும். கோடை விடுமுறைக்கு யாம் திரும்பியபோது எம் கன்றின் சிவப்பு வெளுக்கத் தொடங்கியிருந்தது. அன்று மாலை அடுத்த தோட்டத்துக்காரர் வந்து, தம் பசு ஈனும் நாள் நெருங்கிற்றென்றார். பாட்டனார் எம்மை ஒருமுறை பார்த்துவிட்டு அவரிடம், “கொடிக்குக் காத்திருக்காதீங்க” என்றார்.

யாம் வேப்பமரத்தடியை நோக்கினோம். அங்கே புல் முளைத்திருந்தது.